சொல்லாத ஆறெழுத்து

திபிலிசியில் மார்ச் மாதம். குரா ஆறு
சேறு குடித்து வீங்கிப் போகிறது.
தீக்காய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
நெஸ்தான் ஒரு தட்டைத் திறக்கிறாள்.
ஒரு நுண்ணுயிரிலிருந்து வேற்றினத்து நுண்ணுயிருக்கு
நேற்றிரவு பத்தாயிரம் பேர் கடந்தார்கள்.
ஏழு பேர்தான் மிச்சம்.
ஏழு வெள்ளைப் பொட்டு, குண்டூசித் தலையளவு.

வாசலில் ஒரு நொதி இருக்கிறது.
அதற்குக் கண் இல்லை, பகை இல்லை,
தெரிந்தது ஒரே ஒரு சொல்:
ஜி ஏ ஏ டி டி சி.
எதிர் இழையில் திருப்பிப் படித்தாலும் அதே சொல்.
மாலைமாற்று பாடியவர்கள்
கேட்டிருந்தால் தொடையில் தட்டியிருப்பார்கள்.
நொதி தட்டாது. வெட்டும்.

வீட்டுக்காரனிடமும் அதே சொல் உண்டு,
உடம்பெல்லாம் அறுநூறு இடத்தில் உண்டு.
அங்கெல்லாம் இன்னொரு நொதி முன்னமே போய்
இரண்டாம் ஏ-யின் தலையில்
ஒரு புள்ளி வைத்துவிடுகிறது,
நாம் ககரத்தின் மேல் வைப்போமே, அதுபோல.
புள்ளி வைத்தால் மெய்.
வைக்காவிட்டால் கத்தி.

அந்த ஏழு பேர் வீரர்கள் அல்லர்.
கத்தி வருமுன் புள்ளி கிடைத்தவர்கள்.
இனி இந்த வீட்டுப் பிள்ளைகள்.
பழைய வீட்டுக்குத் திரும்பினால்
அங்கே வேறு சொல், வேறு கத்தி.

இதுவரை பாடப்புத்தகம்.

பன்னிரண்டாம் படுக்கையில் தாமாஸ்,
ரொட்டி சுடுகிறவன்.
அடுப்பு அவன் மேல் சீறி இருபது நாள்.
அவன் புண்ணிலிருந்து எடுத்த பிளாஸ்மிட்
மூன்று மருந்தையும் தோற்கடிக்கிற மரபணுவைச்
சுமந்துகொண்டு திரிகிறது.
அதை அதே வாசலில் விட்டுப் பார்த்தாள்.
காலையில் தட்டு முழுக்கப் பால் கொட்டியது போல்.
ஒருவர்கூட வெட்டுப்படவில்லை.

எழுத்தெழுத்தாகப் படிக்கக் கொடுத்தாள்.
அறுபதாயிரம் எழுத்து.
குருட்டுக் கணக்கில்
அந்தச் சொல் பதினான்கு முறையாவது வரவேண்டும்.
தேடினாள்.
ஒன்றுகூட இல்லை.
மறுபடி தேடினாள், கணினியைத் திட்டினாள்,
தேநீர் ஆறிப்போனது.

'எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக்
கற்றுக்கொண்டிருக்கிறது' என்றாள்.
ஷால்வா பைப்பெட்டைக் கீழே வைக்கவில்லை.
'கற்றுக்கொள்ளவெல்லாம் இல்லை.
சொன்னவர்கள் செத்தார்கள்.
சொல்லாதவர்களின் பிள்ளைகள் இவர்கள்.
அவ்வளவுதான்.'

தொண்ணூற்று மூன்று, செப்டம்பர்.
சுகுமியிலிருந்து கிளம்பிய லாரி.
அவளுக்கு ஐந்து வயது.
அம்மா காதுக்குள் சொன்னாள்:
ரஷ்ய மொழியில் பேசு, என்ன வேண்டுமானாலும் பேசு,
தண்ணீர் மட்டும் கேட்காதே.
தாகம் வந்தால் உனக்கு நம் மொழிதான் வரும்.
த்ஸ்காலி.
அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று
வழியெல்லாம் அந்தச் சொல்லையே
மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.
மூன்று சாவடி.
ஒருவன் பெயர் கேட்டான்.
சொன்னாள், வேறு ஏதோ ஒரு பெயர்.
பின்னால் வந்த லாரியைப் பற்றி
அம்மா இன்றுவரை பேசியதில்லை.

திரையில் அறுபதாயிரம் எழுத்து
ஓடிக்கொண்டிருக்கிறது.
இதன் மேல் பாசம் வந்துவிடுமோ என்று
அவளுக்குப் பயமாக இருக்கிறது.
இது தாமாஸைத் தின்றுகொண்டிருக்கிறது.
தப்பியதெல்லாம் நல்லதில்லை.
வெட்டுப்பட்டதெல்லாம் கெட்டதுமில்லை.
இந்த இரண்டு வரியை
அறிக்கையில் எழுத இடமில்லை.

நான்காவது மருந்தின் பெயரை எழுதி
காகிதத்தைத் தானே மாடிக்கு எடுத்துப்போனாள்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
செவிலியை அங்கே காணவில்லை.
கட்டுக்குள்ளிருந்து உதடு மட்டும் தெரிந்தது,
வெடித்த ரொட்டி போல.

'த்ஸ்காலி' என்றான் தாமாஸ்.
தயக்கமே இல்லாமல்,
கூடம் முழுக்கக் கேட்கும்படி.
கரண்டியைத் தேடுகையில்
அவளுக்குக் கை நடுங்கியது.
எவ்வளவு சத்தமாகச் சொல்கிறான்!